இரண்டு நாற்காலிக்கு ஒரு தளம்

வெர்லின் ஹாக்ஸ்டாட் தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு மரத்தளம் போடுவதென்று தீர்மானித்தார். ஏதோ கிடைத்த பலகையை அடித்துப் போடுகிற சமாச்சாரம் இல்லை. அளவெடுத்து, திட்டம் போட்டு, இரண்டே இரண்டு நாற்காலி மட்டும் கொள்கிற தளம். ஒன்று அவருக்கு, ஒன்று அவர் மனைவி மார்லிஸுக்கு. மூன்றாவதாக ஒருவர் வந்தால் நிற்க வேண்டும். நான்காவதாக ஒருவர் வந்தால் கீழே விழ வேண்டும். தளத்தின் சிறப்பே அதுதான்.

வெர்லின் குளிர்காலம் முழுக்க மினசோட்டாவின் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். நவம்பரில் வண்டியில் ஏறினால் ஏப்ரலில்தான் இறங்குவார் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்ட மனிதருக்குக் கோடையில் ஒரு சின்ன ஆசை இருக்கக் கூடாதா? சாயங்காலம் பின்கதவைத் திறந்து, ஈரப்புல்லில் கால் வைக்காமல், பலகை மேல் உட்கார்ந்து, கையில் ஒரு பீர் டப்பாவோடு ஏரியைப் பார்க்க வேண்டும். பிடித்த மீனை அங்கேயே கரியடுப்பில் வாட்ட வேண்டும். முக்கியமாக, யாரும் வரக் கூடாது.

யாரும் என்றால் மார்லிஸின் பிறந்த வீட்டார். மார்லிஸ் ஷ்ரோடர் குடும்பத்துப் பெண். கூடப் பிறந்தவர்கள் எட்டுப் பேர். அவர்களும், அவர்கள் பெற்றதும், பெற்றதைக் கட்டியதும், நாய்களும் சேர்ந்து ஆண்டுதோறும் ஜூலையில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். எழுபது உருப்படிக்குக் குறையாது. வெர்லின் வீட்டு முறை வரும்போதெல்லாம் அவர் ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து வீசுவார். "நம்ம வீட்ல உக்கார ஏது எடம்?" கல்யாணமான நாள் முதல் இந்த ஒற்றை வாக்கியம் அவரைக் காப்பாற்றி வருகிறது. தளம் என்று ஒன்று வந்துவிட்டால் வாக்கியம் செத்துவிடும். தளம் வேண்டும், கூட்டம் வேண்டாம். இந்தச் சிக்கலுக்கு அவர் கண்டுபிடித்த விடைதான் இரண்டு நாற்காலி.

"மார்லிஸ், பின்னாடி ஒரு டெக் போடப் போறேன்."

"ஓ."

"சின்னதா."

"சரி."

"ரொம்பச் சின்னதா."

"உனக்கு என்ன தோணுதோ அதப் பண்ணு, வெர்லின்."

முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய மனிதர் இந்தப் பதிலைக் கேட்டதும் உஷாராகியிருக்க வேண்டும். வெர்லின் சந்தோஷப்பட்டார்.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை காலையில் புல்தரையில் நான்கு முளைகளை அடித்து, சுற்றி நூல் கட்டினார். நூலுக்கு நடுவே நின்று இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தார். கிட்டத்தட்ட நூலைத் தொட்டது. பரம திருப்தி. மார்லிஸ் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்து, நூலைச் சுற்றி நிதானமாக ஒரு நடை நடந்தாள்.

"எப்படி இருக்கு?"

"வித்தியாசமா இருக்கு."

அந்த ஊரில் யாரும் எதையும் நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஒருமுறை சர்ச் விருந்துக்கு ஒரு புது மருமகள் உருளைக்கிழங்கு சாலடில் மிளகாய் போட்டுக் கொண்டுவந்தாள். சாப்பிட்ட அத்தனை பேரும் கண்ணில் நீரோடு "வித்தியாசமா இருக்கு" என்றார்கள். அந்தப் பெண் அடுத்த விருந்துக்குக் காகிதத் தட்டு மட்டும் வாங்கி வந்தாள்.

"என்ன வித்தியாசம்? சொல்லேன்."

"நான் என்ன சொல்லப் போறேன்? நல்லாத்தான் இருக்கு. கோடு போட்டாச்சு. ஒரு தடவ உக்காந்து பாத்துரலாமா?"

கேட்டதில் தப்பில்லை. வெர்லினே போய் இரண்டு நாற்காலியை எடுத்து வந்தார். இருவரும் நூலுக்குள் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முழங்கால் இடித்தது. கல்யாணமான புதிதில் இது பிடித்திருக்கலாம். வெர்லின் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, சாய்ந்து, கண்ணை மூடினார்.

"வெர்லின்."

"ம்."

"நீ விழுந்துட்ட."

வெர்லின் கண்ணைத் திறந்து பார்த்தார். "எங்க விழுந்தேன்? உக்காந்துதான இருக்கேன்."

"நாற்காலியோட பின்னங்கால் நூலுக்கு வெளிய இருக்கு பாரு. இப்ப புல்லு, ஒண்ணும் தெரியல. நாளைக்கு இது மூணடி ஒசரம்."

"நான் சாயாம உக்காந்துக்கறேன்."

"தாராளமா. சாயாம உக்கார உனக்குச் சமையலறையிலேயே நாற்காலி இருக்கே."

முளை இரண்டடி நகர்ந்தது. நகர்த்தியது வெர்லின்தான். மார்லிஸ் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

பிறகு கரியடுப்பு. அது உருண்டையாகக் கறுப்பாக இருந்தது. நூலுக்குள் கொண்டுவந்து வைத்ததும் இரண்டு நாற்காலியில் ஒன்று வெளியே போக வேண்டியதாயிற்று.

"எந்த நாற்காலி?" என்று மார்லிஸ் கேட்டாள். குரலில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாததுதான் பயம். முளை இன்னும் இரண்டடி நகர்ந்தது.

"இப்ப சரியா இருக்கா?" என்றார் வெர்லின்.

"எனக்கென்னப்பா தெரியும்? நான் மீன் தட்ட எடுத்துக்கிட்டு உள்ளேருந்து வர்றேன்னு வச்சுக்கோ. கொசுவலைக் கதவு வெளிப்பக்கம்தான தெறக்கும்? நீ அடுப்பாண்ட நில்லு, ஒரு தடவ வந்து பாத்துரலாம்."

நின்றார். வந்தாள்.

"இப்ப எங்க இருக்க, வெர்லின்?"

"கதவுக்குப் பின்னாடி."

"மூக்கு?"

"கதவுல."

"அடி பட்டுருச்சா?"

"இல்ல."

"தட்டுல மீன் இருந்தா கொதிக்கக் கொதிக்க இருக்கும். அதச் சொல்றேன். மத்தபடி நான் எதுவும் சொல்லல."

முளை நகர்ந்தது. இந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆர்லோ வேலியருகே வந்து நின்றார். தலையில் விதைக் கம்பெனித் தொப்பி. கையில் மார்லிஸ் வீட்டுப் பாத்திரம், கழுவித் துடைத்துக் காலியாக. முந்தின நாள்தான் மார்லிஸ் அதில் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டில் செய்த இனிப்புத் துண்டுகள் கொடுத்தனுப்பியிருந்தாள்.

"என்னப்பா வெர்லின், கோழி வளக்கப் போறியா?"

"டெக்கு போடறேன்."

"ஓ." ஆர்லோ தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "கோழிக்குன்னா தாராளமா இருக்கும்னு நெனச்சேன்."

"அப்படிச் சொல்லாத ஆர்லோ," என்றாள் மார்லிஸ். "ஆசையா போடறாரு. தன் கைக்கு எட்டுனதப் போடறாரு. தம்பி ராய் போன வருஷம் போட்டானே, அதையும் இதையும் பாக்கக் கூடாதில்ல? அவன் சின்ன வயசுக்காரன். முதுகு வலி கிடையாது."

ராய் ஷ்ரோடருக்குச் சுத்தியலை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியாது என்பது வெர்லினின் நெடுநாள் கருத்து. முளையைப் பிடுங்கினார். நடந்தார். திரும்பிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் நடந்தார். சுத்தியலால் ஓங்கி அடித்தார். ஆர்லோ "மோசமில்ல" என்றார். அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. வெர்லினுக்கு இன்னும் நாலடி போடலாம் என்று தோன்றியது. போட்டார்.

சாயங்காலம் நூல் லைலாக் புதரைத் தொட்டு நின்றது. வெர்லின் நடுவில் நின்று பார்த்தார். இரண்டு நாற்காலியும் ஒரு மூலையில் தொலைந்து போயிருந்தன. பனி வண்டியை உள்ளே விட்டுத் திருப்பி வெளியே எடுக்கலாம் போலிருந்தது. காலையில் கை நீட்டி நின்ற மனிதர் எங்கே போனார் என்று அவருக்கே தெரியவில்லை. யாரும் அவரிடம் பெரிதாகப் போடச் சொல்லவில்லை. ஒவ்வொரு முளையையும் அவரே பிடுங்கி, அவரே அடித்தார். யார் மேல் கோபப்படுவது?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மார்லிஸ் இறைச்சிக்கு மேல் உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்டிருந்தாள். அவருக்குப் பிடித்தது. இரண்டாம் முறை பரிமாறும்போது பேச்சை எடுத்தாள்.

"கொஞ்சம் பெருசாத்தான் ஆயிருச்சு, இல்ல?"

"ம்."

"நார்பெர்ட் அண்ணனுக்குத் தெரிஞ்சா மனசுக்குள்ள வச்சுக்கும். இவ்ளோ பெரிய எடம் போட்டுட்டு ஜூலைக்கு ஒரு வார்த்தை கூப்பிடலையேன்னு. வாயத் தெறந்து கேக்காது. அது அப்படியே முழுங்கிக்கும். பாவம், ரத்தக் கொதிப்பு வேற."

"ம்."

"நீ ஒண்ணும் கூப்பிட வேணாம். நான் உன்னக் கட்டாயப்படுத்துவேனா? சும்மா சொன்னேன். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது வெர்லினுக்கு அந்தப் பிரமாதமான யோசனை உதித்தது. கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றுவிட்டார்.

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு வழக்கம். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் உடனே சரி என்று சொல்லிவிடக் கூடாது. அலைகிறான் என்று நினைப்பார்கள். முதல் தடவை கூப்பிட்டால் "ஐயோ, எதுக்கு உங்களுக்குச் சிரமம்" என்று மறுக்க வேண்டும். இரண்டாம் தடவை கூப்பிட்டால் "இல்லல்ல, பரவாயில்ல" என்று மறுக்க வேண்டும். மூன்றாம் தடவையும் கூப்பிட்டால்தான் அவர்கள் நிஜமாகவே கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். அப்போது "அவ்வளவு தூரம் சொல்றீங்க, உங்களுக்குக் கஷ்டமில்லன்னா வர்றோம்" என்று வருவார்கள். ஒரு வாய் காப்பிக்கும் இதே கணக்கு, கல்யாணத்துக்கும் இதே கணக்கு. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஒரே தடவை கூப்பிட்டு நிறுத்திக்கொள்ள, மறுத்துவிட்டுக் காத்திருந்த ஊர்க்காரர்கள் பட்டினி கிடந்ததுண்டு.

ஆக, நார்பெர்ட்டை ஒரு தடவை கூப்பிட வேண்டியது. மறுப்பார். மனசு கேட்காவிட்டால் இன்னொரு தடவையும் கூப்பிட வேண்டியது. மறுப்பார். அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டியது. கூப்பிட்ட புண்ணியமும் உண்டு, எழுபது பேரும் வர மாட்டார்கள். மார்லிஸ் கேட்டால், "ரெண்டு தடவ கேட்டேன், உங்க அண்ணன்தான் வேணாம்னுட்டாரு" என்று சத்தியமாகச் சொல்லலாம். தளம் எத்தனை பெரிதானால் என்ன? ஒரு மூலையில் இரண்டு நாற்காலி, மற்றதெல்லாம் காற்றாட. வெர்லின் விசிலடித்துக்கொண்டே மிச்சப் பாத்திரத்தையும் கழுவினார். மார்லிஸ் கழுவ வேண்டியதையும் சேர்த்து.

புதன்கிழமை மரக்கடைக்குப் போனார். நல்ல நேரம், நார்பெர்ட் ஷ்ரோடரே அங்கே நின்றிருந்தார். மாட்டுப் பண்ணைக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசுவார், அதில் ஐந்து மாட்டோடு. ஒரு வண்டிப் பலகைக்கு எதிரே இருவரும் கைகளைப் பையில் விட்டுக்கொண்டு நின்றார்கள். முதலில் மழையைப் பற்றிப் பேசி முடித்தார்கள். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மச்சான்," என்றார் வெர்லின், பலகையைப் பார்த்துக்கொண்டே. "பின்னாடி ஒரு டெக்கு போடறேன். கொஞ்சம் பெருசு. இந்த வருஷம் ஜூலைக்கு எல்லாரும் நம்ம வீட்டுக்கு வந்துருங்களேன்."

சொல்லிவிட்டு, வரப்போகும் மறுப்புக்கு ஏற்ற வருத்த முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டார்.

நார்பெர்ட் தெருப்பக்கம் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"அவ்வளவு தூரம் சொல்றீங்க மாப்ள. உங்களுக்குக் கஷ்டமில்லன்னா வர்றோம்."

வெர்லினின் வருத்த முகம் தானாக நிஜமாயிற்று. ஒரு கணம் அவருக்கு நார்பெர்ட்டின் உடம்பைப் பற்றியே கவலை வந்தது. அறுபத்தைந்து வயது மனிதர், ஊர் மரியாதை தெரிந்தவர், முதல் அழைப்பிலேயே எங்காவது சரி என்பாரா?

"இல்ல மச்சான்... ஒரு தடவ... நீங்க யோசிச்சுச் சொன்னாப் போதும்..."

"யோசிச்சாச்சு மாப்ள. ஈஸ்டர் அன்னிக்கே தங்கச்சி கேட்டுச்சு. எதுக்கும்மா சிரமம்னேன். அப்புறம் அன்னையர் தினத்துல போன்ல கேட்டுச்சு. பரவால்லம்மான்னேன். இப்ப நீங்களும் வாய்விட்டுக் கேட்டுட்டீங்க. இதுக்கு மேலயும் மறுத்தா நல்லாருக்காது."

அன்றைய பத்துச் சொல்லையும், அந்த வாரத்துக்கானதையும் சேர்த்து நார்பெர்ட் செலவழித்துவிட்டார். தொப்பியைத் தொட்டுவிட்டு வண்டியேறிப் போனார்.

வெர்லின் பலகை மேல் உட்கார்ந்துவிட்டார். ஈஸ்டர்! ஈஸ்டருக்குத் தரையில் பனியே உருகவில்லை. தளம் என்ற யோசனையே அவருக்கு வந்தது அதற்குப் பிறகுதான். எப்படி வந்தது? ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம். மார்லிஸ் பின்கதவருகே நின்று, "புல்லு ஒரே ஈரமா இருக்கு, ஏரியப் பாத்துக்கிட்டு உக்கார எடமில்ல. பரவால்ல, நமக்கு எதுக்கு அதெல்லாம்" என்றாள். அவர்தான் மார்பைத் தட்டிக்கொண்டு, "ஏன், நமக்கு மட்டும் கூடாதா?" என்றார்.

வீட்டுக்குப் போய் நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்றுதான் வண்டியைக் கிளப்பினார். ஆனால் ஒரு கேள்வி மனதில் எழுந்த அன்றே அதைக் கேட்டுவிடுவது அந்த ஊரில் அநாகரிகம். கொஞ்ச நாள் ஊற விட வேண்டும். வீட்டுக்குள் நுழைந்து, "மச்சான் வர்றாராம்" என்று மட்டும் சொன்னார்.

"அப்படியா! நீயா கூப்பிட்ட?" மார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். "உனக்கு இருக்கிற மனசு யாருக்கு வரும்?"

அதன்பிறகு எதைக் கேட்பது?

வேலை மளமளவென்று நடந்தது. அந்தக் குளிரில் தூணுக்குக் குழி ஆழமாகத் தோண்டாவிட்டால் பனிக்காலத்தில் மண் உப்பித் தளத்தையே தூக்கிவிடும். வெர்லின் தனியாக மண்வெட்டியோடு முதல் குழியில் இறங்கிய அன்று, நார்பெர்ட் குழி தோண்டும் இயந்திரத்தோடு வந்து நின்றார். பின்னால் இன்னும் மூன்று மச்சான்கள். இவர்கள் வேலைக்கு மட்டும் அழைப்பே தேவையில்லை என்பதை வெர்லின் கவனித்தார். ராய்கூட வந்தான். சுத்தியலை வெர்லின் நினைத்ததைவிடச் சரியான பக்கத்தில்தான் பிடித்தான். இரண்டு சனி ஞாயிறுகளில் பலகை எல்லாம் ஏறிவிட்டது. நடுவே ஒருநாள் மார்லிஸ் வந்து பார்த்து, "ஏரிப்பக்கம் பெஞ்சு போட்டா கைப்பிடி தனியா வேணாம்னு ராய் சொல்றான், உனக்கு எப்படித் தோணுது வெர்லின்?" என்று கேட்டாள். வெர்லினுக்குத் தனக்கு எப்படித் தோன்றுகிறது என்பது இப்போதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. பெஞ்சு போட்டார்.

ஜூலை வந்தது. ஷ்ரோடர்கள் வந்தார்கள். எழுபத்து மூன்று பேர், நாய் நான்கு. வெர்லின் கரியடுப்பு முன்னால் சமையல் மேலங்கியோடு நின்று மத்தியானம் முழுக்கச் சுட்டுத் தள்ளினார். வந்தவர் ஒவ்வொருவரும் காலால் பலகையைத் தட்டிப் பார்த்தார்கள். யாருக்கும் இடமில்லாமல் போகவில்லை. யாரும் கதவில் மூக்கை இடித்துக்கொள்ளவில்லை. யாரும் நாற்காலியோடு கீழே விழவில்லை. மார்லிஸின் அக்காள்மார் கூடி நின்று, "யாரு அளவு போட்டது?" என்று கேட்டார்கள்.

"எல்லாம் வெர்லின்தான்," என்றாள் மார்லிஸ், அவர் காதில் விழும்படி. "நான் ஒரு வார்த்தை சொல்லல."

உண்மைதான். வெர்லினுக்குக் காது சிவந்தது, அடுப்புச் சூட்டினால் மட்டும் அல்ல. நார்பெர்ட் கையில் தட்டோடு வந்து அவர் பக்கத்தில் நின்றார். பிறகு, "மோசமில்ல மாப்ள, மோசமே இல்ல" என்றார். அவர் தன் கல்யாணத்தின்போதுகூட இரண்டு தடவை அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

கடைசி இனிப்புத் துண்டை யாரும் எடுக்கவில்லை. ஒருவர் பாதி வெட்டினார், இன்னொருவர் அந்தப் பாதியில் பாதி. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வந்ததும் ஒரு நாய் முடித்து வைத்தது. பிறகு விடைபெறுதல் தொடங்கியது. மேஜையருகே ஒருமுறை, கதவருகே ஒருமுறை, வண்டியருகே ஒருமுறை, வண்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு இன்னொருமுறை. கடைசி வண்டி போனபோது சூரியன் ஏரிக்கு மேல் சாய்ந்துகொண்டிருந்தது.

வெர்லின் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தார். மார்லிஸ் மிச்சமிருந்த ஒரு பீரை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பலகை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. வெர்லினுக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுபத்து மூன்று பேர் வந்துபோன பிறகு வருகிற அமைதிக்கு ஒரு தனி ருசி இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. கேள்வி ஊற வேண்டிய அளவுக்கு ஊறிவிட்டது என்றும் தோன்றியது.

"மார்லிஸ்."

"ம்."

"ஈஸ்டருக்கே மச்சானக் கூப்பிட்டியாமே."

"ஓ, அதுவா."

"அப்புறம் போன்லயும்."

"ஆமா."

"ரெண்டு தடவ கூப்பிட்டவ, மூணாவது தடவையும் நீயே கூப்பிட்டிருக்கலாமே. நடுவுல என்னை எதுக்கு மாட்டிவிட்ட?"

மார்லிஸ் உண்மையான ஆச்சரியத்தோடு அவர் பக்கம் திரும்பினாள்.

"அதெப்படி வெர்லின், உன்னக் கேக்காம நான் நெசமாவே கூப்பிட முடியும்? இந்த வீட்ல முடிவெடுக்கிறது நீதான?"